ஒத்தகாரின் முதுகு

ரஷ்யாக்காரன் எங்களை நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்க உட்காருகிறவர்கள் எல்லாம் டாங்கி எப்போது வரும், துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களை நிறுத்தியது எங்கள் சொந்த ஜனங்கள். அதுவும் தங்கமான ஜனங்கள். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். விடிந்து எழுந்து பார்த்தால் எங்கள் தலைநகர் ப்ராக் முழுக்க ரஷ்ய டாங்கி. நான் டாக்குமெண்டரிப் படம் எடுக்கிறவள். வீட்டில் சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய காமிரா ஒன்றும் நாலு சுருள் ஃபிலிமும் இருந்தன. கார்தான் இல்லை. விவாகரத்தில் காமிரா எனக்கு வந்தது, ஸ்கோடா கார் வில்லெமுக்குப் போனது. வில்லெம் பல் டாக்டர். போன் போட்டு, "காரை எடுத்துக்கிட்டு உடனே வா" என்றேன்.

"தெருவுல டாங்கி ஓடுது லிபுஷே. பெயிண்ட்ல உரசிடுச்சுன்னா?"

"நாடே போச்சுய்யா, உனக்குப் பெயிண்ட்டா முக்கியம்?"

வந்துவிட்டான். புலம்பிக்கொண்டே வருவான், ஆனால் வருவான். அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன். மற்ற எல்லாவற்றுக்காகவும் விட்டுவிட்டேன்.

வெளியே நின்று எடுத்தால் சிப்பாய் காமிராவைப் பிடுங்கிவிடுவான். அதனால் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, கோட்டைப் போர்த்தி மறைத்து, ஜன்னல் வழியாகவே எடுத்தேன். அந்தக் காமிராவில் நாம் பார்க்கிற துளை ஒரு ஓரம், லென்ஸ் ஒரு ஓரம். துளையில் தெரிவதெல்லாம் ஃபிலிமில் விழும் என்ற நம்பிக்கையில்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் தெரு ரொட்டிக்கடை முனையில் ஒரு டாங்கி நின்றது. அதைச் சுற்றிச் சிப்பாய்கள். கடையிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி தெருவைக் கடந்தார். பார்த்தால் நம்ம ஒத்தகார்! எதிர் வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். சிப்பாய் ஏதோ கத்தினான். அதே நேரத்தில் ஒரு பொம்பளை எங்கள் காரை நோக்கி ஓடி வந்தாள். "ஏய், ரகசியப் போலீஸ் நாய்களா! எங்க மூஞ்சியப் படம் புடிச்சு ரஷ்யாக்காரன் கிட்ட குடுக்கப் போறீங்களா?" என்று ஜன்னலுக்குள் கையை விட்டுக் காமிராவைத் தள்ளினாள். நான் விடவில்லை. துளையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. ஒத்தகார் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். சுட்டார்கள். விழுந்தார். கோட்டுக்குள்ளிருந்து ரொட்டிகள் சிதறி உருண்டன. எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் வில்லெம் பயந்துபோய் வண்டியை எடுத்துவிட்டான்.

மறுநாளே ஆக்கிரமிப்புக்காரர்களின் ரேடியோ சொல்லிவிட்டது: ரொட்டிக்கடை முனையில் ஆயுதத்தோடு பாய்ந்த ஒரு கலகக்காரன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

ஒத்தகாரின் மனைவி க்வேதா என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நான்தான் அக்கா சூடா ரொட்டி வேணும்னு கேட்டேன். அவரு பாட்டுக்கு வீட்டுல இருந்தாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எடுத்துருக்கீங்கல்ல? துப்பாக்கி இல்ல, ரொட்டிதான்னு ஊருக்குக் காட்டுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"காட்டுறேன்டி. உலகத்துக்கே காட்டுறேன்" என்றேன். சத்தியம் பண்ணாத குறை.

எப்படிக் காட்டுவது? எங்கள் ஸ்டூடியோவில் சிப்பாய்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிலிமைக் கழுவ வழியில்லை. வியன்னா டெலிவிஷனில் ஷ்டாம்ஃபர் என்ற எடிட்டரை எனக்குப் பழக்கம். கழுவாத சுருளை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டும். நானும் வில்லெமும் வசந்தத்திலேயே லீவுக்குத் தனித்தனியாகப் பயண அனுமதி வாங்கி வைத்திருந்தோம். ஆளுக்கொரு ஊருக்குப் போக வாங்கிய அனுமதியில் ஒரே காரில் போனோம். விதி.

கிளம்புகிற அன்று காலையில் நான் க்வேதாவோடு சவக்கிடங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வில்லெம் கை கழுவிக்கொண்டிருந்தான். மேஜையில் நாலு ஃபிலிம் டப்பாவும் பளபளவென்று இருந்தன.

"லேபிள் எங்கய்யா?"

"எடுத்துட்டேன். நாடே பேரைக் கழட்டுது, நாம மட்டும் ஒட்டி வெச்சுக்கிட்டா நல்லாவா இருக்கு? மாட்டினா எதுல என்ன இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாதேய்யா!"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. லேபிளைச் சொத்தைப் பல் மாதிரி வேரோடு பிடுங்கி, பென்சிலால் நான் கிறுக்கியிருந்ததைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நாலுக்கும் ஒரே மாதிரி புது டேப் சுற்றியிருந்தான். தூக்கிப் பார்த்தேன். நாலும் ஒரே கனம். ஒத்தகார் எதற்குள் இருக்கிறார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். "பரவால்ல விடு, நாலையும்தானே கொண்டுபோறோம்" என்றான். அதுவும் சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். பல் கட்டுகிற மாவுப் பெட்டிக்குள் டப்பாக்களைப் புதைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பேரைக் கழட்டுவது என்றால் என்னவென்று தாபோர் ஊரைத் தாண்டினதும் தெரிந்தது. ரஷ்யாக்காரனுக்கு வழி தெரியக் கூடாதென்று ஜனங்கள் ஒரு இரவுக்குள் வழிகாட்டிப் பலகை அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், தூரக்கல், ஒன்றையும் விடவில்லை. மிச்சம் இருந்த ஒரே அம்புக்குறியில் "மாஸ்கோ, இந்தப் பக்கம்" என்று எழுதியிருந்தது. முதலில் இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தோம். ஒரே மீன் குளத்தை மூன்றாவது தடவை சுற்றி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு முக்கில் ரஷ்யச் சிப்பாய்கள் லாரிகளை நிறுத்திவிட்டு மேப்பை விரித்து முழித்துக்கொண்டிருந்தார்கள்.  அதிகாரி ஒருவன் வந்து, தொப்பியைத் தொட்டு மரியாதையாக வழி கேட்டான். வில்லெம் பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்ய மொழியில், "இடது பக்கம் போங்க, நேரா போங்க" என்று கை காட்டினான். லாரிகள் நன்றி சொல்லிவிட்டுப் போயின.

"எப்படி? நல்லா சுத்தட்டும்" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

"நாம எந்தப் பக்கம் போகணும்?"

லாரிகள் போன பக்கத்தைப் பார்த்தான். "இடது பக்கம்தான் போலிருக்கு."

அந்த லாரி வரிசைக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்ந்தோம். இவனோடு நான் எப்படிக் குடித்தனம் பண்ணினேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கடைசியில் ஒரு கிராமத்தில் திரும்பினோம். அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பலகை இல்லையே. பீர்க் கடை வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் ரேடியோ. எங்கள் ஜனங்கள் மறைவாக நடத்திய ரேடியோ, நல்ல ரேடியோ. கடைக்காரி ஹெட்விகா தூண் மாதிரி வாசலில் நின்றாள். எல்லைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"எந்த எல்லை?" என்றாள். "இங்க எல்லையெல்லாம் கிடையாதும்மா."

"ஆஸ்திரியா எல்லை அக்கா. பக்கத்துலதானே?"

"அப்படி ஒரு நாடே நாங்க கேள்விப்பட்டதில்ல" என்றார் ஒரு கிழவர். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அந்நியனுக்கு வழி சொல்லக் கூடாதென்று ரேடியோ சொல்லியிருந்ததாம். நாங்கள் அந்நியராம்!

அப்போதுதான் ரேடியோவில் கார் நம்பர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். ரகசியப் போலீஸ் காரென்று ஜனங்கள் சொல்லி அனுப்புகிற நம்பர்கள். எங்கே பார்த்தாலும் மறியுங்கள், விடாதீர்கள் என்று ஒவ்வொரு நாளும் வாசிப்பார்கள். நானும் வீட்டில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். "சாம்பல் நிற ஸ்கோடா" என்றது ரேடியோ. "உள்ளே ஒரு ஆண், ஒரு பெண். ப்ராகில் ரொட்டிக்கடை முனையில், காருக்குள்ளிருந்து மக்களின் முகங்களைப் படம் எடுத்தார்கள்." பிறகு நம்பர்.

அந்தப் பொம்பளை! காமிராவைத் தள்ளியது போதாதென்று நம்பரையும் குறித்து ரேடியோவுக்குச் சொல்லிவிட்டாள்.

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எங்கள் கார் நம்பரைப் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தன் எழுந்துபோய் வைக்கோல் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளினான்.

"ஐயா, நான் பல் டாக்டர்" என்றான் வில்லெம்.

"அப்படியா? இதப் பாத்துச் சொல்லு" என்று கிழவர் வாயைப் பிளந்தார்.

வில்லெம் குனிந்து பார்த்தான். "கீழ்க் கடைவாய்ப் பல்லைப் புடுங்கணும்."

"அது எங்க வீட்டு மாட்டுக்கே தெரியும்" என்றார் கிழவர்.

காரைக் குடைந்தார்கள். மாவுப் பெட்டியைக் கொட்டினார்கள். நாலு டப்பாவும் வெள்ளை வெளேரென்று மண்ணில் விழுந்தன.  ஊர்த் தலைவர் சுகானெக் என்ற நிதானமான மனுஷன் ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"ஃபிலிமா?"

"ஆமாங்க. டாங்கியை எடுத்தது. எங்க எதிர் வீட்டுக்காரரைச் சுட்டுட்டு, ஆயுதம் வெச்சிருந்தார்னு பொய் சொல்றாங்க. அது பொய்னு இதுல இருக்கு. வியன்னாவுக்குக் கொண்டுபோறேன். உங்க கால்ல விழறேன், விட்டுருங்க."

"லேபிள் ஏன் இல்ல?"

நான் வில்லெமைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"நிஜம்னா திறந்து காட்டும்மா" என்றாள் ஹெட்விகா. "நாங்க பாக்குறோம்."

"திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் அழிஞ்சிரும்."

"இது நல்லாருக்கே! திறக்காட்டா நம்பணும், திறந்தா அழிஞ்சிரும். எங்களைப் பாத்தா உனக்குக் கேனை மாதிரி தெரியுதா?"

 அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சிப்பாயாக இருந்தால் கெஞ்சலாம், பொய் சொல்லலாம், ஒரு பாட்டில் கொடுக்கலாம். நம்மைக் காப்பாற்றுகிறேன் என்று நிற்கிறவளை என்ன செய்வது? தொண்டை கிழியக் கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? நான் உங்க ஆளுய்யா!" என்றேன். போலீஸ்காரனும் அப்படித்தான் சொல்வான் என்றார்கள்.

சுகானெக் முடிவாகச் சொன்னார். "ஊர்ல எத்தனையோ பேர் மூஞ்சி இதுல இருக்கும். தப்பான கையில போச்சுன்னா அத்தனை குடும்பமும் நாசம். நாலையும் குளத்துல போட்டுர்றோம். நீங்க போங்க. உங்களை அடிக்க மாட்டோம்."

"ஒண்ணு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணைத் திறந்து காட்டுறேன். மீதி மூணை விட்டுருங்க."

சுகானெக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நாலு டப்பாவும் மண்ணில் கிடந்தன. எதில் ஒத்தகார்? ஒவ்வொன்றாகத் தொட்டேன். காதில்கூட வைத்துப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. "சீக்கிரம்" என்றாள் ஹெட்விகா. ஓரத்தில் கிடந்ததை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கையை விட்டதுமே அதுதான், அதுவேதான் என்று தோன்றிவிட்டது.

டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார்கள். ஹெட்விகா ஃபிலிமைக் கை கையாக உருவினாள். நல்ல வெயில். ஆண்கள் ஆளுக்கொரு முழம் பிடித்துச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்கள். கழுவாத ஃபிலிமில் என்ன தெரியும்? மங்கலான சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

"ஒண்ணுமே இல்லையே" என்றார் கிழவர்.

"ஒரு மூஞ்சியும் இல்ல" என்றாள் ஹெட்விகா. சுருள் முழுவதையும் கடைசிவரை உருவிவிட்டாள். "வெறும் ஃபிலிம்! அட பாவமே, இவங்க ஒண்ணுமே எடுக்கலப்பா!"

சுகானெக் முகத்தில் ரத்தம் ஏறியது. "மன்னிச்சிக்கம்மா. ரேடியோவுல தப்பா சொல்லிட்டாங்க போல."

கழுவினால்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். வில்லெம் என் காலை ஓங்கி மிதித்தான். அந்த ஒரு மிதிக்காக அவனை நான் வாழ்நாள் முழுக்க மன்னிப்பேன்.

அதற்குப் பிறகு அந்த ஜனங்கள் காட்டிய அன்பு இருக்கிறதே, அதுதான் என்னைக் கொன்றது. வைக்கோல் வண்டியைத் தள்ளினார்கள். மாவைத் திரும்ப அள்ளிப் பெட்டியில் போட்டார்கள். ஹெட்விகா ப்ளம் பழம் வைத்துச் சுட்ட பணியாரத்தைத் துணியில் கட்டி என் மடியில் வைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். உருவிப்போட்ட சுருளைச் சுருட்டி, "இதையும் வெச்சுக்க, வீணாப் போகக் கூடாது" என்று கொடுத்தாள். சுகானெக் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் எல்லைச் சாலையில் கொண்டுபோய் விட்டார். நான் மடியில் பணியாரத்தையும் செத்த ஃபிலிமையும் வைத்துக்கொண்டு வழி நெடுக அழுதேன், வில்லெமைத் திட்டினேன், மறுபடி அழுதேன்.

எல்லையில் எங்கள் காவலாளி பெட்டியைத் திறக்கவே இல்லை. பாஸ்போர்ட்டைக்கூட அரைக் கண்ணால்தான் பார்த்தான். "போங்க, போங்க. மறக்காம திரும்பி வாங்க" என்றான். அவனுக்குப் பயந்துதான் லேபிளைக் கிழித்தோம், மாவில் புதைத்தோம்! வில்லெம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து இடித்துக்கொண்டான்.

வியன்னாவில் ஷ்டாம்ஃபர் உடனே மூன்று சுருளையும் கழுவக் கொடுத்து, பிரதி போட்டு, சின்னத் திரையில் ஓட்டினார். முதல் சுருள்: பாலத்தில் டாங்கிகள். "அற்புதம்" என்றார். இரண்டாவது: கூட்டம், கொடி, சிப்பாயோடு மல்லுக்கு நிற்கிற பெண்கள். "அற்புதம், அற்புதம்." எனக்கு ஒன்றும் அற்புதமாக இல்லை. ஒத்தகார் இன்னும் வரவில்லை. மிச்சம் ஒன்றுதான். வில்லெம் என் கையைப் பிடித்தான். விவாகரத்துக்குப் பிறகு முதல் தடவை. நானும் உதறவில்லை.

மூன்றாவது சுருளில் ரொட்டிக்கடை வந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். "இருக்கு! இருக்குய்யா!" வில்லெம் என்னைக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டான். திரையில் ஒத்தகார் கடையைவிட்டு வந்தார். பழுப்புக் கோட்டு, முதுகு, நடை எல்லாம் பளிச்சென்று இருந்தது. தெருவைக் கடக்கிறார். சிப்பாய் கையை ஆட்டுகிறான். இதோ திரும்பப் போகிறார்.

திரை இருண்டது.

ஃபிலிம் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை. ஓடிக்கொண்டிருந்தது. இருட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களின் இடுக்கு தெரிந்தது, அதில் கொஞ்சம் வெளிச்சம். அந்தப் பொம்பளையின் கை. காமிராவைத் தள்ளினாள் என்றுதானே நினைத்திருந்தேன்? உள்ளங்கையால் லென்ஸை மூடியிருக்கிறாள். ஓரத்துத் துளை வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிலிம் அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை விலகியபோது கார் நகர்ந்துவிட்டது, ஏதோ ஒரு சுவர் ஓடியது, சுருள் முடிந்தது.

"கடைசிச் சுருளைத் திரும்பப் போடுங்க" என்றேன். போட்டார்கள். மறுபடி முதுகு, மறுபடி கை.

ஷ்டாம்ஃபர் தொண்டையைச் செருமினார். "இந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாம்."

"எதுக்கு? அவர் ரொட்டி வாங்கிட்டுப் போறாரு. சாகறதுக்கு முன்னாடி எடுத்த படம் இது."

"உங்களுக்குத் தெரியும். பாக்கறவனுக்கு?" அவர் படத்தை நிறுத்திக் காட்டினார். "இங்க பாருங்க. ரெண்டு கையும் கோட்டுக்குள்ள இருக்கு. எதையோ ஒளிச்சுக்கிட்டு சிப்பாய்களை நோக்கிப் போறார். ஆயுதம்னு அவங்க சொல்றாங்க இல்லையா? இதைக் காட்டினா நாமே அவங்களுக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

எனக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. அறைய முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு அந்நியன் மாதிரி பார்த்தேன். கோட்டுக்குள் கையை விட்டு, தோளைக் குறுக்கி, எதையோ மறைத்துக்கொண்டு போகிற ஒரு ஆள். அந்தப் பொம்பளையைத் திட்டலாமென்றால் அவளும் நல்லவள். ஹெட்விகா நல்லவள், ஷ்டாம்ஃபர் நல்லவர். ஒரே ஒரு கெட்டவனாவது குறுக்கே வந்திருக்கக் கூடாதா? வாய் நிறையத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

மற்றதெல்லாம் அன்று சாயங்காலமே டெலிவிஷனில் ஓடியது. பல நாடுகள் கேட்டு வாங்கிக்கொண்டன. என் கையைக் குலுக்கினார்கள். வெட்டிப்போட்ட துண்டைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"இங்கயே இருந்துடேன்" என்றான் வில்லெம். "நம்ம ஊர்க்காரங்க நெறைய பேர் இங்கயே தங்கிட்டாங்க."

"க்வேதா கிட்ட யாரு சொல்றது? நீயா?"

திரும்பி வந்தோம். உள்ளே வருகிற பாதையில் எங்களைத் தவிர ஒரு கார்கூட இல்லை. காவலாளி அதே ஆள். "ஏதாவது கொண்டு வர்றீங்களா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன். வெளியே போகும்போது கேட்காதவன் உள்ளே வரும்போது கேட்டான்.

க்வேதா கதவைத் திறந்தாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், அந்தக் கையை, ஷ்டாம்ஃபர் சொன்னதை, வெட்டிவிட்டதை. துண்டை அவளிடம் நீட்டினேன். வில்லெம் பல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொடுத்தான். அவள் ஜன்னலுக்குப் போய் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா, ரொட்டி தெரியுதே" என்றாள்.

"எங்கடி?"

"முழங்கை ரெண்டும் எப்படித் துருத்திக்கிட்டு இருக்கு பாருங்க. சூடு ஆறிடக் கூடாதுன்னு கோட்டுக்குள்ள வெச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் வருவாரு, எப்பவும். வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் ரொட்டித் தூளா இருக்கும், நான் திட்டுவேன்." துண்டை எனக்கு நேராக நீட்டினாள். அவள் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "நல்லா தெரியுதே அக்கா. இதைப் பாத்தா யாருக்குத்தான் தெரியாது?"